மாட்டைப் பிடிக்கிற கைக்கும் பாடம்

காலை எட்டு மணி. கால்நடை மருந்தகத்து வேப்பமரத்தடியில் ஒரு பசு நிற்கிறது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்குகிறது. இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் வாயை வைக்கிறது, விழுங்க முடியவில்லை. அடிக்கடி கரகரத்த குரலில் கத்துகிறது. “தொண்டையில என்னமோ சிக்கிக்கிச்சுண்ணே. மாங்கொட்டையா இருக்கும். கையை விட்டு எடுத்துடுங்க” என்கிறார் ஓட்டிவந்தவர். டாக்டர் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். உதவியாளர் சட்டைக் கையை மேலே சுருட்டுகிறார்.

அந்தக் கை உள்ளே போகலாமா?

மாங்கொட்டை சிக்கிய மாடு எச்சில் வடிக்கும். வெறிநாய் கடித்து நோய் முற்றிய மாடும் அதேபோல் எச்சில் வடிக்கும், விழுங்க முடியாமல் தவிக்கும், குரல் மாறிக் கத்தும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நோயின் கிருமி அந்த எச்சிலில்தான் இருக்கிறது. கையில் வைக்கோல் கிழித்த ஒரு கீறல் இருந்தால் போதும். மனிதருக்கு அறிகுறி தென்பட்டுவிட்டால் பிறகு காப்பாற்ற மருந்தில்லை. அதனால்தான் ‘எச்சில் வடிக்கும் மாட்டின் வாயில் வெறுங்கையை விடாதே’ என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐந்தரை ஆண்டு படித்த டாக்டருக்கு இது மனப்பாடம். ஆனால் டாக்டர் வருவதற்குள் கையை விடப்போகிறவர் அவரல்லவே.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்விக்குக் குறைவில்லை. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, இரண்டு ஆண்டில் வேப்பேரிக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி நாட்டின் பழம்பெரும் கல்லூரிகளில் ஒன்று. 1989-ல் இதற்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் வந்தது. டாக்டர்களுக்குக் கருத்தரங்கு உண்டு, குறுகிய காலப் பயிற்சி உண்டு, இதழ்கள் உண்டு. மருந்துக் கம்பெனிகள் நட்சத்திர ஓட்டலில் நடத்தும் இரவு விருந்தையும் கல்விக் கணக்கில் சேர்த்தால் அதற்கும் பஞ்சமில்லை. விவசாயிகளுக்கும் நாட்டுக்கோழி வளர்ப்பு, வெள்ளாடு வளர்ப்பு, தீவனப்பயிர் என்று பல்கலைக்கழகத்தின் மாவட்ட மையங்கள் வகுப்பு நடத்துகின்றன.

இந்த இரண்டு கரைக்கும் நடுவே ஒரு கூட்டம் இருக்கிறது. மாட்டைப் பிடித்துக் கட்டுகிறவர், ஊசியில் மருந்தை ஏற்றிக் கொடுக்கிறவர், காலையில் ஃப்ரிட்ஜைத் திறக்கிறவர், நைட்ரஜன் கேனைத் தூக்கி வருகிறவர், கத்தரி கத்தியைக் கொதிநீரில் போடுகிறவர். நகரத்து நாய் பூனை கிளினிக்கென்றால் போனை எடுக்கிற பெண்ணும் இதில் சேர்த்தி. இவர்களில் பலர் வேலையில் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொண்டதோடு பணி ஓய்வு வரை ஓட்டுகிறார்கள். அந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித் தன் முதல் வாரத்தில் கற்றவர்தான்.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பதிவு பெற்ற டாக்டர்தான் மருத்துவம் பார்க்கலாம் என்கிறது. தடுப்பூசி, காயடிப்பு, காயத்துக்குக் கட்டு போன்ற சிறு பணிகளை மட்டும், அதற்கான சான்றிதழ் பெற்றவர்கள் டாக்டரின் மேற்பார்வையில் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்று 30-வது பிரிவில் ஒரு வாசல் வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியே உள்ளே வந்தவர் பிறகு என்ன படிக்கிறார் என்பதுதான் யாருடைய கவலையாகவும் இல்லை. பிரிட்டனில் 1961-லேயே கால்நடைச் செவிலியருக்கென்று தனிப் பயிற்சி தொடங்கிவிட்டது. இன்று அங்கே பதிவு பெற்ற செவிலியர் ஆண்டுக்கு 15 மணி நேரமும் டாக்டர் 35 மணி நேரமும் தொடர்ந்து படித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். நம் ஊரில் அந்தச் செவிலியர் என்ற பெயரே இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. ‘கம்பவுண்டர்’ என்றுதான் கூப்பிடுகிறோம்.

ஒரு தடவை கற்றதை வைத்தே முப்பது வருஷம் ஓட்டினால் என்ன கெட்டுப்போகும்? இதற்குப் பதிலைக் கழுகுகளிடம் கேட்கலாம்.

டைக்ளோபினாக் மலிவான வலிமருந்து. காய்ச்சல் கண்ட மாட்டுக்கு ஒரு ஊசி போட்டால் மறுநாள் எழுந்து நிற்கும். 1990-களில் இந்தியாவின் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் அழிந்தன. ஏனென்று பல ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. 2004-ல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு காரணத்தைச் சொன்னது. டைக்ளோபினாக் போட்ட மாடு செத்து, அந்தச் சடலத்தைக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் செயலிழந்துவிடுகிறது. 2006-ல் கால்நடைகளுக்கு இந்த மருந்தை மத்திய அரசு தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக் கொட்டகைக்குத் திரும்பிவிட்டதால், 2015-ல் மனித மருந்தையும் 3 மி.லி. குப்பிக்குள் அடக்கியது. 2023-ல் கீட்டோபுரோபெனுக்கும் அசிக்ளோபினாக்குக்கும் தடை வந்தது. மெலாக்சிகாம் கழுகுக்கு ஆபத்தில்லாத மாற்று.

இத்தனை அரசாணையும் கடைசியில் வந்து நிற்கும் இடம் மருந்தகத்தின் மருந்து அலமாரி. அதற்குள் கையை விட்டு, “மாட்டுக்குக் காய்ச்சலா? இந்தா” என்று எடுத்துக் கொடுக்கிறவருக்குக் கழுகுக் கதை தெரியாவிட்டால், டெல்லியில் போட்ட தடை நீலகிரி அடிவாரத்துக்கு வந்து சேராது. தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் பாறு கழுகுகள் பெரும்பாலும் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் கூடு கட்டுகின்றன. அந்தச் சுற்றுவட்டாரத்து மருந்தக உதவியாளர் ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கி இந்தக் கதையைச் சொன்னால், எந்தச் சுவரொட்டியையும்விட அதிகம் பலிக்கும்.

நோய்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய ஆட்கள் வெக்கை நோயை நேரில் கண்டவர்கள். அது 2011-ல் உலகத்தைவிட்டே போய்விட்டது. இப்போது சேர்கிறவர்களுக்கு அது வெறும் பெயர். மாறாக, தோல் கழலை நோய் ஒரு காலத்தில் பாடப்புத்தகத்தில் ‘ஆப்பிரிக்க நோய்’ என்று இரண்டு வரியில் முடிந்துபோன சங்கதி. 2019-ல் ஒடிசாவில் முதலில் தலைகாட்டியது, 2022-ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளை வாரிக்கொண்டு போனது. கடிக்கும் ஈயும் கொசுவும் உண்ணியும் அதைப் பரப்புகின்றன. ஒரே ஊசியை மாடு மாறிப் போட்டாலும் பரவும். ‘ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி’ என்பதை வழக்கமாக்க வேண்டியது யார்? ஊசியை மாற்றி மாற்றிக் கையில் கொடுப்பவர்தான்.

ஃப்ரிட்ஜுக்கு வருவோம். இந்தப் பெட்டியைப் பற்றி மட்டுமே ஒரு நாள் பயிற்சி நடத்தலாம். கோமாரித் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ‘நல்லா ஜில்லுனு இருக்கட்டும்’ என்ற நல்லெண்ணத்தில் மேல்தட்டில் ஐஸ் பெட்டியோடு ஒட்டி வைப்பார்கள். உறைந்து உருகிய மருந்து ஊசியில் ஏறும், மாட்டுக்குள் இறங்கும், பதிவேட்டிலும் ஏறும். நோயைத் தடுப்பது மட்டும் நடக்காது. பிறகு அந்த மாட்டுக்குக் கோமாரி வந்தால், ‘ஊசி போட்டும் வந்துடுச்சு, எல்லாம் ஏமாத்து’ என்று ஊர் பேசும். அடுத்த முகாமில் பாதிப் பேர் மாட்டை ஓட்டி வரமாட்டார்கள். பொடியாக வந்து கரைத்துப் போடும் உயிர்த் தடுப்பூசியோ வேறு ரகம். கரைத்த ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது. இதெல்லாம் எழுதி ஒட்டப்பட்டிருக்கும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே தயிர்சாத டப்பா உட்கார்ந்திருப்பதையும் பார்க்கலாம். மதியம் வரை அதற்காகக் கதவு எத்தனை தடவை திறந்து மூடும் என்று எண்ணிப் பாருங்கள்.

கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசியில் இன்னும் ஒரு சூட்சுமம். 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை போடும் இந்த மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. கன்று துள்ளி, ஊசி பிடித்தவர் விரலில் குத்திவிட்டால், விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மனிதரைப் பாடாய்ப் படுத்திவிடும். கையுறை, கண்ணாடி அணிவது இதற்காகத்தான். நஞ்சுக்கொடி விழாத மாட்டுக்குள் வெறுங்கையை விட்டு இழுப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு. முன்பெல்லாம் கையால் உரித்து எடுப்பதே கெட்டிக்காரத்தனம். இன்று, வலிந்து இழுத்தால் கருப்பை புண்ணாகும், தானாக விழ விட்டுக் காய்ச்சலைக் கவனி என்கிறது மருத்துவம். முப்பது வருஷம் செய்து பேர் வாங்கிய ஒரு வேலையை ‘இனிச் செய்யாதே’ என்று அனுபவஸ்தரிடம் சொல்வது, புதிதாக ஒன்றைக் கற்பிப்பதைவிடக் கஷ்டம்.

எங்கள் வீட்டுப் பசுவுக்குச் சினை ஊசி போட வந்தவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நல்ல மனிதர், கூப்பிட்ட குரலுக்கு வருவார். உறைவிந்துக் குச்சியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சைக்கிளில் வந்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிப் போடுவார். மூன்று தடவை போட்டும் நிற்கவில்லை. பாட்டி பசுவைத்தான் திட்டினாள். பல வருஷம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்தக் குச்சி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் தூங்குவது. கேனின் கழுத்துக்கு மேலே சில விநாடிக்கு மேல் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாலே உள்ளே சேதம் தொடங்கிவிடும். எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, துடைத்து, உடனே போட்டாக வேண்டும். சட்டைப்பையில் பயணம் செய்த எங்கள் குச்சிகளில் உயிர் மிச்சமிருந்தால்தான் அதிசயம். பருவம் தவறினால் அடுத்தது 21 நாள் கழித்து. மூன்று தடவை என்றால் இரண்டு மாதத் தீவனம். பாட்டிக்குப் போன பணத்தை ஒரு தெர்மாமீட்டரும் ஒரு மணி நேரப் பயிற்சியும் மிச்சப்படுத்தியிருக்கும்.

நகரத்துக் கிளினிக்குகளில் காட்சி வேறு. அங்கே மாடு இல்லை, ஏ.சி. இருக்கிறது, காத்திருக்கும் இடத்தில் சோபாவும் இருக்கிறது. அங்கே உயிரைக் காப்பதும் விடுவதும் பல நேரம் போன் எடுக்கும் பெண்ணின் கையில். “எங்க பூனை காலையிலேருந்து மண்தட்டுல போய்ப் போய் உட்காருதுங்க, ஒண்ணும் வரலை. மலச்சிக்கல் போல. நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்குமா?” என்று ஒரு குரல். ஆண் பூனையா என்று அவள் கேட்க வேண்டும். ஆணென்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கக்கூடும். நாளைக்கு அந்தப் பூனை இருக்குமா என்பது உறுதியில்லை. இப்போதே தூக்கிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். பெரிய ஜாதி நாய் ஒன்று வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓக்காளித்துக்கொண்டிருந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதற்கும் மணிக்கணக்குதான். ‘பூனைக்கு லேசா காய்ச்சல், பாரசிட்டமால் கொடுக்கலாமா?’ என்றால் கூடவே கூடாது, அது பூனைக்கு விஷம். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனை முதுகில் விடலாமா என்றாலும் அதே பதில். இப்படி ஏழெட்டுக் கேள்வியை ஒரு அட்டையில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் தேவையில்லை. ஆனால் வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு மருத்துவம் எதற்கு என்று நினைக்கும் கிளினிக்குகளே அதிகம்.

பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கி அடக்குவதுதான் முறை என்றே பலரும் கற்றிருக்கிறார்கள். பூனை மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்புகள் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்கிறது. பயந்த பூனை இன்னும் பயப்படும், கடிக்கும். துண்டால் போர்த்திச் சுற்றிப் பிடிப்பது இருவருக்கும் நல்லது. கடிபடாத ஊழியர் மறுநாள் வேலைக்கு வருவார் என்பது முதலாளிக்கும் புரியக்கூடிய லாபம்.

கூட்டாகப் பழகாவிட்டால் யாருக்கும் வராத ஒரு வேலையும் உண்டு. மயக்க மருந்தில் நாயின் இதயம் நின்றுவிடுகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை மார்பை அழுத்த வேண்டும். ஒருவர் இரண்டு நிமிடம்தான் சரியான பலத்தோடு அழுத்த முடியும், பிறகு ஆள் மாற வேண்டும். ஒருவர் மூச்சுக்குழாயைக் கவனிக்க, ஒருவர் மருந்தை எடுக்க, இன்னொருவர் நேரம் பார்த்துக் குறிக்க வேண்டும். விலங்குகளுக்கான இந்த உயிர்மீட்பு முறை 2012-ல் வகுக்கப்பட்டு 2024-ல் திருத்தப்பட்டது. டாக்டர் மட்டும் படித்துவைத்து என்ன பயன்? அவருக்கு இருப்பது இரண்டு கை. தலையணையை நாயாக்கி மாதம் ஒரு முறை எல்லோரும் ஒத்திகை பார்த்தால்தான் அந்த நிமிடத்தில் கால் பின்னாது.

புள்ளி ஒன்று போதும் உயிரை எடுக்க. ஒரு சதவீத ஐவர்மெக்டின் 50 கிலோ எடைக்கு 1 மி.லி. 25 கிலோ ஆட்டுக்கு அரை மி.லி. அதை ‘.5’ என்று அவசரமாகக் கிறுக்கி, புள்ளி தேய்ந்து 5 ஆனால் பத்து மடங்கு. ‘0.5’ என்று முன்னால் பூஜ்யம் போட்டு எழுது, வாய்விட்டுச் சொல், எதிராளி திருப்பிச் சொல்லட்டும், இவ்வளவுதான் பாடம். இதில் டாக்டரும் மாணவர்.

இப்படிச் சொல்லும்போது உதவியாளர் ஒன்றும் தெரியாதவர், டாக்டர் எல்லாம் தெரிந்தவர் என்றாகிவிடக் கூடாது. கல்லூரியை முடித்து முதல் போஸ்டிங்கில் வரும் இளம் டாக்டருக்கு, முரட்டுக் காளையை எந்தப் பக்கமிருந்து நெருங்குவது, மூக்கணாங்கயிற்றை எந்த முடிச்சில் கட்டினால் அவசரத்துக்கு ஒரே இழுப்பில் அவிழும், ஒற்றைக் கயிற்றால் சுற்றி மாட்டை நோகாமல் படுக்கவைப்பது எப்படி, உதைக்கப்போகிற மாட்டின் காது எப்படித் திரும்பும் என்பதையெல்லாம் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் தலைநரைத்த அந்த உதவியாளர்தான். அவருக்கு அதற்கு ஆசிரியர் என்ற பெயரும் கிடைப்பதில்லை, நன்றியும் அபூர்வம். ஊர் அறிவு பல்கலைக்கழகத்துக்குள் போன உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடிநோய்க்குப் பூசும் வைத்தியம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வழியாக இன்று நாடு முழுக்கப் பால் சங்கங்கள் பரப்பும் முறையாகிவிட்டது. கல்வி மேலிருந்து கீழே மட்டும் ஒழுகுவதில்லை.

ஊழியருக்குக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேச்செடுத்தால் தனியார் கிளினிக் நடத்துகிறவர்கள் இரண்டு ஆட்சேபம் சொல்வார்கள். முதலாவது, ‘கத்துக்கிட்டதும் அடுத்த தெரு கிளினிக்குக்குப் போயிடுவான்.’ போகலாம். கற்றுக்கொள்ளாமலே பத்து வருஷம் உங்களிடம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்தக் கவலை தானே வடியும். இரண்டாவது ஆட்சேபம் கனமானது. ‘ரெண்டு ஊசி போடக் கத்துக்கிட்டா பையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள டாக்டராகிடுவான்.’ இது கற்பனை இல்லை. கிராமங்களில் பை தூக்கிய போலி வைத்தியர்களால் செத்த மாடுகளும், தேவையில்லாமல் போட்ட ஆன்டிபயாட்டிக் கலந்த பாலும் உண்மை. ஆனால் அந்தப் போலி வைத்தியர்கள் பாடம் நடத்திய இடத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. பார்த்துப் பார்த்துப் பாதி கற்றவர்கள். ஊசி போடக் கற்றவனுக்கு எதைப் போடக் கூடாது, எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும், போட்ட மருந்து பாலில் எத்தனை நாள் வரும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லையைச் சொல்லித்தராத பயிற்சிதான் ஆபத்து. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

செலவு? வாரத்தில் ஒரு நாள், கூட்டம் ஓய்ந்த மதியம் இரண்டு மணிக்கு அரை மணி நேரம். கதவைப் பாதி சாத்திவிட்டு, டீ வாங்கி வரச்சொல்லி, எல்லோரும் ஒரே உயர நாற்காலியில் உட்காரட்டும். அந்த வாரம் நடந்த ஒரு தவறு, அல்லது நூலிழையில் தப்பிய தவறு. அதைச் செய்தவரே சொல்லட்டும். முதல் வாரம் டாக்டர் தன்னுடையதைச் சொன்னால்தான் இரண்டாவது வாரம் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். ஒரு பழைய டைரியில் தமிழில் எழுதி வையுங்கள். மருந்து அட்டையில் இருப்பது ஆங்கிலம், பயிற்சிப் புத்தகமும் ஆங்கிலம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவதாவது தமிழில் இருக்கட்டும். அந்த அரை மணிக்கும் சம்பளம் உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு ‘கொஞ்சம் இருந்துட்டுப் போப்பா’ என்றால் பஸ் போய்விடும் என்ற நினைப்பில் காது கேட்காது.

வேப்பமரத்தடியில் எச்சில் வடித்துக்கொண்டு நிற்கும் பசுவுக்கு அந்த உதவியாளர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும். பசுவைத் தள்ளி ஒற்றையாகக் கட்டி, ஆட்களை விலக்கி, ‘நாய் ஏதும் கடிச்சுதா?’ என்று கேட்டு, டாக்டருக்குப் போன் போட வேண்டும். எச்சில் ஏற்கெனவே கையில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மனிதருக்கான ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவரும், அதற்கு முன்பே வாயில் கையை விட்டுப் பார்த்திருந்தால் மாட்டுக்காரரும்.

நாய் கடிக்கும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி ஒன்று இருக்கிறது. விலங்குகளோடு வேலை செய்யும் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டியது அது. அடுத்த முறை உங்கள் நாய்க்கு வெறிநோய் ஊசி போடக் கூட்டிப்போகும்போது, நாயின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொள்கிறாரே ஒருவர், அவரிடம் கேளுங்கள்: “அண்ணே, இந்த ஊசி நீங்க போட்டுக்கிட்டீங்களா?” இல்லையென்றால், அதையே டாக்டரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள்.